உழைப்பைப் பார்த்துச் சோறு

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தில் எடைப்பயிற்சி செய்வோர் முன்னிலையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்



சில மாதங்களுக்கு முன்னால் ஒரு மாலை நேரம் ஜிம்முக்குப் போயிருந்தேன். மில்லில் வேலை முடித்துவிட்டு வந்த ஒரு தம்பி ஸ்குவாட் எடுத்துக்கொண்டிருந்தார். முதல் செட் நன்றாகப் போயிற்று. இரண்டாவது செட்டில் பாரைத் தோளில் ஏந்தி இறங்கினார். எழும்போது முகம் வெளுத்துவிட்டது. பக்கத்தில் நின்ற இருவர் பாரைப் பிடித்துக்கொண்டார்கள். தம்பி அப்படியே தரையில் உட்கார்ந்தார். கையைப் பிடித்துப் பார்த்தேன். உள்ளங்கை சில்லிட்டு வேர்த்திருந்தது. "என்ன சாப்பிட்டீங்க தம்பி?" என்றேன். "காலையில நாலு முட்டை வெள்ளைக்கரு, மத்தியானம் வெள்ளரிக்காய், கொஞ்சம் மோர். சோறு விட்டு மூணு வாரமாச்சு மாஸ்டர்" என்றார். பெட்டிக்கடையில் இரண்டு வாழைப்பழம் வாங்கிவந்து கொடுத்தோம். கால்மணி நேரத்தில் முகம் தெளிந்தது.

அன்று இரவே ஓர் உறவினர் வீட்டில் சாப்பாடு. அவர் வாலிபத்தில் பஞ்சுப் பேல் ஏற்றி இறக்கியவர். ஒரு பேல் 170 கிலோ. நாலு பேர் கூடிப் புரட்டி, கொக்கி போட்டு இழுத்து, லாரியில் அடுக்க வேண்டும். இப்போது அவருக்கு அறுபது நெருங்குகிறது. பகலெல்லாம் கடைக் கல்லாவில் உட்கார்ந்திருக்கிறார். சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறார். ஆனால் அவர் தட்டில் விழுந்த சோறு பேல் தூக்கிய காலத்துச் சோறு. வேலை மாறிவிட்டது, தட்டு மாறவில்லை.

பாரம் தூக்குகிறவர் தட்டில் சோறு இல்லை. உட்கார்ந்திருப்பவர் தட்டில் சோறு குவிந்து கிடக்கிறது. இந்த இரண்டு தட்டுகளைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேச வந்திருக்கிறேன். நான் சொல்ல வந்தது ஒன்றே ஒன்று: உழைப்பைப் பார்த்துச் சோறு வையுங்கள். எடைப்பயிற்சி செய்கிற நாளில் அதற்குரிய நேரத்தில் மாவுச்சத்தைக் கொடுங்கள். ஓய்வு நாளில் குறைத்துக்கொள்ளுங்கள். எந்த நாளிலும் அடியோடு நிறுத்தாதீர்கள்.

ஏன் என்பதை நம் ஊர்க் கண்மாயை வைத்துச் சொல்கிறேன். மேற்கே மலையில் மழை பெய்தால் கண்மாய் பெருகும். மடையைத் திறந்தால் வயலுக்குத் தண்ணீர் பாயும். நிறைந்ததற்கு மேல் வருவது மறுகால் பாய்ந்து போய்விடும். நாம் சாப்பிடும் சோறு, இட்லி, கேப்பைக்களி, சீனிக்கிழங்கு எல்லாம் குடலில் குளுக்கோஸாகி ரத்தத்தில் கலக்கிறது. அதை உடல் கிளைகோஜன் என்ற வடிவத்தில் தேக்கி வைக்கிறது. கல்லீரலில் சுமார் 100 கிராம் தேங்கும். உடம்பிலுள்ள தசைகள் எல்லாவற்றிலும் சேர்த்துச் சுமார் 400 கிராம் தேங்கும். இரண்டும் நிறைந்த பிறகும் தின்றுகொண்டே இருந்தால் மறுகால் பாய்கிறது. வயிற்றைச் சுற்றிச் சேரும் கொழுப்பில் அதற்கும் பங்கு உண்டு.

கல்லீரல் பொதுக் கண்மாய் மாதிரி. மூளைக்கும் ரத்தத்துக்கும் தேவைப்படும்போது அது மடையைத் திறந்துவிடும். தசை அப்படியில்லை. தொடைத் தசையில் தேங்கிய கிளைகோஜன் தொடைக்கு மட்டுமே உதவும். அதைக் குளுக்கோஸாக்கி ரத்தத்துக்குள் விடுகிற நொதி தசையில் கிடையாது. தன் ஆயக்கட்டைத் தாண்டி ஒரு சொட்டும் விடாத கண்மாய் அது.

வேலை செய்த தசையே கூடுதலாகத் தேக்கிக்கொள்கிறது என்பதைக் கண்டுபிடித்த கதை அழகானது. 1966இல் ஸ்வீடன் நாட்டில் யோனாஸ் பெர்க்ஸ்ட்ரோம், எரிக் ஹல்ட்மன் என்ற இரண்டு மருத்துவர்கள் தங்கள் உடம்பையே சோதனைக்குக் கொடுத்தார்கள். ஒரே பயிற்சி சைக்கிளின் இரண்டு பக்கமும் ஆளுக்கொருவராக உட்கார்ந்து, ஒற்றைக் காலால் மட்டும், இனி முடியாது என்கிற வரை மிதித்தார்கள். மற்றக் கால் சும்மா இருந்தது. பிறகு மூன்று நாள் மாவுச்சத்து மிகுந்த உணவு சாப்பிட்டார்கள். இரண்டு தொடைகளிலிருந்தும் ஊசியால் துளித்துளியாகத் தசையை எடுத்துப் பார்த்தார்கள். வேலை செய்த காலில் கிளைகோஜன் முதலில் ஏறக்குறைய வற்றிப்போயிருந்தது. மூன்று நாளில் அது நிரம்பியதோடு நிற்காமல், சும்மா இருந்த காலைப்போல இரண்டு மடங்கு ஏறியிருந்தது. சும்மா இருந்த காலில் பெரிய மாற்றம் எதுவும் இல்லை.

ஒரே ஆள், ஒரே சாப்பாடு, ஒரே ரத்தம். வேலை செய்த கால் வாங்கிக்கொண்டது, செய்யாத கால் வாங்கவில்லை. தூர்வாரிய கண்மாய்தான் கூடுதல் தண்ணீர் பிடிக்கும் என்பதை நம் விவசாயிகளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. உடம்பிலும் அதுதான் நடக்கிறது. தூர்வாருவது பயிற்சி, தண்ணீர் சோறு.

"சோற்றை விட்டதும் ஒரே வாரத்தில் 2 கிலோ குறைந்துவிட்டது" என்று தம்பிகள் சந்தோஷமாகச் சொல்வதன் ரகசியமும் இதில்தான் இருக்கிறது. ஒரு கிராம் கிளைகோஜன் சுமார் 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கிறது. கண்மாய் வற்றினால் அந்தத் தண்ணீரும் போய்விடும். தராசில் முதலில் குறைவது பெரும்பாலும் அந்தத் தண்ணீர்தான். கொழுப்பு அவ்வளவு சீக்கிரம் அசையாது. அந்தத் தம்பி மூன்று வாரமாகச் சந்தோஷப்பட்டது வற்றிய கண்மாயைப் பார்த்து.

எடைப்பயிற்சியில் எவ்வளவு செலவாகிறது? முன்தொடைத் தசைக்கு ஆறு செட் வேலை கொடுத்து அளந்து பார்த்த ஓர் ஆய்வில், அந்தத் தசையிலிருந்த கிளைகோஜனில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு காலியாகியிருந்தது. முழுதும் வற்றவில்லை என்பதைக் கவனியுங்கள். ஒரு மணி நேரம் பளு தூக்குகிறவர் மாரத்தான் ஓடுகிறவர் அளவுக்குச் செலவழிப்பதில்லை. அதனால் அவரைப்போல மலையாகக் குவித்துச் சாப்பிடத் தேவையில்லை. வெறும் தட்டோடு வந்து பார் அடியில் நிற்கவும் கூடாது.

இனி நேரத்தைப் பற்றிப் பார்ப்போம். பயிற்சிக்கு முன், பயிற்சியின் நடுவில், பயிற்சிக்குப் பின், ஓய்வு நாள் என்று நான்காகப் பிரித்துக்கொள்ளலாம்.

பயிற்சிக்கு முன். வழக்கமான சாப்பாடாக இருந்தால் இரண்டு மூன்று மணி நேர இடைவெளி போதும். முதல் ஷிப்ட் முடித்து மதியம் மூன்று மணிக்குச் சாப்பிடுகிறவர் ஆறு மணிக்குத் தாராளமாகப் பயிற்சி செய்யலாம். மதியச் சாப்பாடு பன்னிரண்டு மணிக்கே முடிந்துவிட்டதென்றால், பயிற்சிக்கு முக்கால் மணி நேரம் முன்னால் இரண்டு வாழைப்பழம், அல்லது ஒரு கை பொரிகடலையோடு சின்னத் துண்டு வெல்லம் எடுத்துக்கொள்ளுங்கள். எண்ணெயும் கொழுப்பும் வயிற்றில் வெகுநேரம் தங்கும். ஆகவே பரோட்டாவையும் சால்னாவையும் சாப்பிட்டுவிட்டு ஸ்குவாட்டுக்கு வராதீர்கள். காலை ஐந்தரைக்கு வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: ராத்திரித் தூக்கத்தில் குறைவது பெரும்பாலும் கல்லீரல் கண்மாய்தான். தசையில் இருப்பது அப்படியே இருக்கும். முந்தின இரவு ஒழுங்காகச் சாப்பிட்டிருந்தால் ஒரு பழம் போதும். தலை சுற்றுகிறவர்கள் அந்தப் பழத்தைத் தவிர்க்கக் கூடாது.

பயிற்சியின் நடுவில். ஒரு மணி நேரப் பயிற்சிக்குத் தண்ணீரே போதும். ஒன்றரை மணி நேரம் தாண்டுகிறவர்களுக்கும், பயிற்சி முடிந்ததும் வாலிபால் மைதானத்துக்கு ஓடுகிறவர்களுக்கும் கொஞ்சம் இனிப்பு நீர் உதவும். விளையாட்டு வீரர்களுக்கென்று விற்கும் பானங்களில் நூற்றுக்கு 6 முதல் 8 பங்கு சர்க்கரை இருக்கும். ஒரு லிட்டர் தண்ணீரில் 60 முதல் 80 கிராம் வெல்லம் கரைத்து, எலுமிச்சை பிழிந்து, ஒரு சிட்டிகை உப்புப் போட்டால் அதே அளவுதான் வருகிறது. அதற்கு நம் ஊரில் பானகம் என்று பெயர். ஆடி வெயிலில் தேர் வடம் பிடித்துக் களைத்தவர்களுக்குக் கொடுக்கும் அந்தப் பானகத்தை, காசு கொடுத்து வேறு பெயரில் வாங்க வேண்டியதில்லை.

பயிற்சிக்குப் பின். இதில்தான் பயமுறுத்தல் அதிகம். "அரை மணி நேரத்துக்குள் குடிக்காவிட்டால் எல்லாம் வீண்" என்று சொல்லியே பொடி டப்பா விற்கிறார்கள். உண்மை என்ன? 1988இல் ஜான் ஐவி என்ற அமெரிக்க ஆய்வாளரும் அவர் குழுவினரும், சைக்கிள் ஓட்டியவர்களுக்குப் பயிற்சி முடிந்த உடனே மாவுச்சத்து கொடுத்தும் இரண்டு மணி நேரம் தாமதித்துக் கொடுத்தும் பார்த்தார்கள். உடனே சாப்பிட்டவர்களுக்குத் தசை வேகமாக நிரம்பியது. இது உண்மை. ஆனால் 1997இல் வெளிவந்த இன்னோர் ஆய்வு, எட்டு மணி நேரம் கழித்தும் 24 மணி நேரம் கழித்தும் அளந்து பார்த்தது. அப்போது இரு தரப்புக்கும் வித்தியாசம் இல்லை. தாமதமாகத் தொடங்கிய தசையும் நிரம்பிவிட்டது.

ஆகவே அவசரம் யாருக்கு? ஒரே நாளில் இரண்டு வேளை பயிற்சி செய்கிறவர்களுக்கு. போட்டியில் இறங்குகிறவர்களுக்கு. வேலூர் சத்துவாச்சாரியிலிருந்து வந்த சதீஷ் சிவலிங்கம் 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் ஸ்னாட்ச்சில் 149, கிளீன் அண்ட் ஜெர்க்கில் 179, ஆக 328 கிலோ தூக்கித் தங்கம் வாங்கினார். 2018 கோல்டு கோஸ்ட்டிலும் தங்கம். அவர் போட்டியிட்டது 77 கிலோ பிரிவில். அந்த விளையாட்டில் போட்டிக்கு இரண்டு மணி நேரம் முன்னால் எடை பார்ப்பார்கள். எடையைக் கட்டுக்குள் வைத்துக்கொண்டு வந்து, தராசை விட்டு இறங்கியதும் சாப்பிட்டுத் தெம்பாக மேடையேற வேண்டும். அங்கே ஒவ்வொரு நிமிடத்துக்கும் மதிப்பு உண்டு. இன்று மாலை பயிற்சி செய்து நாளை மறுநாள் திரும்பி வருகிற நமக்கு நாற்பத்தெட்டு மணி நேரம் இருக்கிறது. வீட்டுக்கு நடந்து போங்கள், குளியுங்கள், சுடுசோறு சாப்பிடுங்கள். ஒன்றும் வீணாகாது.

அப்படியானால் நேரம் பார்ப்பதில் பயனே இல்லையா? உண்டு. அதுவும் நம் ஊருக்கு நிறைய உண்டு. தசை சுருங்கி விரியும்போது இன்சுலின் என்ற சாவி இல்லாமலே குளுக்கோஸுக்குக் கதவு திறக்கிறது. பயிற்சி முடிந்த பிறகும் ஒரு நாள், சில சமயம் இரண்டு நாள் வரை, தசை இன்சுலின் சொல்வதை நன்றாகக் கேட்கிறது. அந்த நேரத்தில் சாப்பிடும் சோறு தசைக்கே முதலில் போகிறது. 2023இல் வெளிவந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக (ஐசிஎம்ஆர்) ஆய்வுப்படி இந்தியாவில் சர்க்கரை நோய் உள்ளவர்கள் சுமார் 10.1 கோடி, அதன் வாசலில் நிற்பவர்கள் சுமார் 13.6 கோடி. அதே ஆய்வின் உணவுக் கணக்கு 2025இல் வந்தது. நாம் சாப்பிடும் மொத்தக் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது. வெள்ளை அரிசி தின்னும் நமக்கு, சோற்றைப் பயிற்சிக்குப் பக்கத்தில் நகர்த்தி வைப்பது புஜம் வளர்ப்பதைவிடப் பெரிய காரியம்.

இனி ஓய்வு நாள். என் பாட்டி சாப்பாடு போடும்போது அளவுக் கிண்ணம் வைத்துக்கொண்டதில்லை. உட்கார்ந்ததும் "இன்னைக்கு என்ன வேலை பாத்தே?" என்று கேட்பார். கமலை இறைத்தவருக்கும் வரப்பு வெட்டியவருக்கும் இரண்டு உருண்டை கேப்பைக்களி. மழைக்கு வீட்டில் முடங்கிக் கிடந்தவருக்கு ஓர் உருண்டை, குழம்பில் காய் மட்டும் கூடுதல். பள்ளிக்கூட லீவில் திண்ணையில் படுத்துக் கிடந்த எனக்கும் ஓர் உருண்டைதான். முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டால் கீரையை அள்ளி வைப்பார். இன்றைக்குப் பயிற்சி நாள், ஓய்வு நாள் என்று பட்டியல் போட்டுச் சொல்கிறோமே, அதை அவர் ஒரு கேள்வியில் முடித்தார்.

ஓய்வு நாளில் மூன்று விஷயம். ஒன்று, நேற்று காலியான தசை இன்றும் நிரம்பிக்கொண்டிருக்கிறது. அதனால் சோற்றை அறவே விலக்கினால் நாளைய பயிற்சிக்குப் பாதிக் கண்மாயோடு வருவீர்கள். இரண்டு, புரதத்தைக் குறைக்காதீர்கள். உடல் எடையில் கிலோவுக்கு 1.6 கிராம் அளவு பயிற்சி நாளுக்கும் ஓய்வு நாளுக்கும் ஒன்றுதான். முட்டை, பருப்பு, மீன், தயிர், கொண்டைக்கடலை எதுவானாலும் சரி. மூன்று, குறைப்பதானால் முதலில் டீயில் போடும் சீனி, சாயங்கால மிக்சர், சேவு இவற்றைக் குறையுங்கள். பிறகு வேளைக்கு ஒரு கரண்டி சோறு. இப்படிக் கூட்டிக் குறைப்பதால் தசை கூடுதலாக வளரும் என்பதற்கு உறுதியான நிரூபணம் இல்லை. அப்படி யாராவது வாக்குக் கொடுத்தால் நம்பாதீர்கள். வாரத்தின் மொத்தச் சோறு உழைப்பைத் தாண்டாமல் இருக்க இது நல்ல வழி. அதற்காகத்தான் சொல்கிறேன்.

60 கிலோ எடையுள்ள ஒரு தம்பிக்குக் கணக்கு சொல்கிறேன். பயிற்சி நாளில் கிலோவுக்கு நாலரை கிராம் வைத்தால் 270 கிராம் மாவுச்சத்து. காலையில் நாலு இட்லி, சாம்பார்: சுமார் 55. மதியம் கால் கிலோ சோறு, பருப்பு, கூட்டு: 90. மாலை இரண்டு வாழைப்பழம்: 45. பயிற்சி முடிந்து இரவு 200 கிராம் சோறு, முட்டை அல்லது மீன்: 60. படுக்கும் முன் ஒரு டம்ளர் பால்: 12. கூட்டினால் கிட்டத்தட்ட அந்த அளவு வந்துவிடுகிறது. ஓய்வு நாளில் மூன்று இட்லி, மதியம் சோறு 175 கிராம், காய் இரண்டு மடங்கு, மாலை பழத்துக்குப் பதில் சுண்டல், இரவு இரண்டு சப்பாத்தி, அதே பால். இது 190 கிராம் பக்கம் வரும். தங்கைகளுக்கும் கணக்கு இதுதான். கிலோவை மட்டும் மாற்றிப் பெருக்கிக்கொள்ளுங்கள். சமைத்த சோறு 100 கிராமில் மாவுச்சத்து சுமார் 28 கிராம். இந்த ஓர் எண்ணை நினைவில் வைத்தால் மிச்சத்தை நீங்களே போட்டுக்கொள்ளலாம்.

நம் ஊர் வாரத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான ஜிம்முக்கு விடுமுறை. பலருக்கு வேலையும் விடுமுறை. அன்றைக்குத்தான் கறிச்சோறு. வாரத்திலேயே பெரிய சாப்பாடு, வாரத்திலேயே உழைப்புக் குறைந்த நாளில் விழுகிறது. கறிச்சோற்றைக் கைவிடச் சொல்ல மாட்டேன். கால் பயிற்சியைச் சனிக்கிழமை மாலைக்கு மாற்றிவையுங்கள். உடம்பிலேயே பெரிய தசைகள் காலில்தான் இருக்கின்றன. சனி மாலை தூர்வாரினால், ஞாயிறு மதியம் வரும் வெள்ளத்தை அது வாங்கிக்கொள்ளும். பால்கோவாவுக்கும் இதே இடம்தான். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற நம் ஊர்ப் பண்டம், பாலும் சீனியும் சுண்டியது. கால் பயிற்சி செய்த அன்று இரவு ஒரு சிறு துண்டு தின்றால் தவறில்லை. கடைக்காரர் தெரிந்தவர் என்பதற்காகத் தினமும் நூறு கிராம் தின்பதுதான் தவறு.

இதெல்லாம் நமக்குப் புதிதும் அல்ல. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் பிறந்த ஊர். மார்கழி நோன்பு தொடங்கும்போது பாலும் நெய்யும் விலக்கு. 27ஆம் நாள் கூடாரவல்லிக்கு நெய் வழிய அக்காரவடிசில். எந்த நாளில் விலக்க வேண்டும், எந்த நாளில் நிறைவாக உண்ண வேண்டும் என்று வகுத்துக்கொண்ட ஊர், வருடம் முழுக்க ஒரே தட்டைப் பிடித்துக்கொண்டிருக்கலாமா?

இரவு ஷிப்ட் பார்க்கிறவர்களுக்கு: நடு இரவில் உடம்பு சர்க்கரையைக் கையாளும் திறன் குறைவு. பகலில் தூங்கி எழுந்து, மாலையில் பயிற்சி செய்து, பெரிய சாப்பாட்டை ஷிப்டுக்குப் போகும் முன்னால் முடித்துவிடுங்கள். நள்ளிரவு இடைவேளையில் முட்டை, சுண்டல், மோர் என்று லேசாக எடுத்துக்கொள்ளுங்கள். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள், பயிற்சி தொடங்கும் முன்பே உங்கள் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். சில மருந்துகளோடு பயிற்சியும் சேர்ந்தால் சர்க்கரை சட்டென்று இறங்கும். பையில் இரண்டு சர்க்கரை மிட்டாய் எப்போதும் இருக்கட்டும்.

இந்த அளவுப் பேச்சு என்னுடையது மட்டும் அல்ல. குன்னூரில் 1918இல் ராபர்ட் மெக்கேரிசன் என்ற மருத்துவர் தொடங்கிய ஆய்வுக்கூடம்தான் பின்னாளில் ஹைதராபாத்துக்குப் போய்த் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாயிற்று. அந்த நிறுவனம் 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டி, தானியத்திலிருந்து வரும் கலோரி 45 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம் என்கிறது. தசை வளர்க்கப் புரதப் பொடியை நம்ப வேண்டாம் என்றும் சொல்கிறது. தானியத்தைக் கைவிடச் சொல்லவில்லை, அளவைச் சொல்கிறது.

மயங்கி உட்கார்ந்த அந்தத் தம்பி இப்போது மதியம் சோறு சாப்பிடுகிறார். டிபன் பாக்ஸோடு பயிற்சிப் பையில் இரண்டு வாழைப்பழம் வைத்துக்கொள்கிறார். அன்று பாதியில் விட்ட எடையைத் தாண்டி 10 கிலோ கூட்டிவிட்டார். என் உறவினரையும் விடவில்லை. வாரத்துக்கு மூன்று நாள் மாலையில் டம்பெல்ஸ் பிடிக்கிறார். மற்ற நாட்களில் அவர் மனைவி ஒரு கரண்டி குறைத்து வைக்கிறார். முதலில் உறவினர் கோபித்துக்கொண்டாராம். இப்போது தட்டு போடும்போதே மனைவி கேட்கிறார்: "இன்னைக்கு ஜிம் உண்டா?" என் பாட்டி கேட்ட அதே கேள்விதான். இந்த இரண்டு ஊரிலும் சோறு போடுகிற ஒவ்வொருவரும் இன்று இரவிலிருந்து அதைக் கேட்கத் தொடங்கினால், நான் வந்த வேலை முடிந்தது.